ஸ்பைடர்: குற்றச் சக்கரவர்த்தியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஸ்பைடர்?

1965 ஜூன் 26 தேதியிட்ட ‘லயன்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் அறிமுகமான கதாபாத்திரம். லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனம் நடத்திவந்த சிறுவர் இதழ் அது. உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, படிய வாரிய கறுப்பு முடி, மேல்நோக்கி ஏறும் புருவம், கூர்மையான காதுகள். பார்த்தவுடன் இவன் நல்லவன் இல்லை என்று தெரிந்துவிடும். தெரியவேண்டும் என்றுதான் அப்படி வரைந்தார்கள்.

அவனுக்கு ஒரே லட்சியம்தான்: உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் தான் ராஜாவாக வேண்டும். அதற்காக அமெரிக்காவுக்கு வருகிறான். நியூயார்க்கைக் களமாக எடுத்துக்கொள்கிறான். கொள்ளையடிக்கிற நகையும் பணமும் அவனுக்கு இரண்டாம் பட்சம். இதை வேறு எவனாலும் செய்திருக்க முடியாது என்று ஊர் பேசவேண்டும், அதுதான் முக்கியம். பிறகு ஒரு கட்டத்தில் கட்சி மாறிக் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்குகிறான். அந்த மாற்றத்தைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன், அதிகம் பேர் கேட்பது அதைப் பற்றித்தான்.

ஸ்பைடர்மேனும் இவனும் ஒன்றா?

இல்லை. ஸ்பைடர்மேன் அமெரிக்க மார்வெல் நிறுவனத்தின் நாயகன், 1962இல் வந்தவன். பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவன், சிலந்தி கடித்துச் சக்தி பெற்றவன். நம் ஸ்பைடரை எந்தச் சிலந்தியும் கடிக்கவில்லை. அவன் வலை வீசுவது துப்பாக்கியால்.

அமெரிக்காவில் சூப்பர்ஹீரோ இதழ்கள் மறுபடி சூடுபிடித்திருந்த நேரம் அது. அந்த அலையின் ஈரம் இவன்மேலும் பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் இரண்டு பேருடைய குணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவே இல்லை. பீட்டர் பார்க்கர் ராத்திரி தூங்காமல் தன்னையே நொந்துகொள்கிற பையன். இவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு விநாடிகூடச் சந்தேகம் வந்ததில்லை.

1930களில் அமெரிக்காவில் ‘தி ஸ்பைடர்’ என்ற பெயரில் மலிவு விலைக் கதை இதழ் ஒன்றும் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

உருவாக்கியவர்கள் யார்?

எழுத்து டெட் கவன், ஓவியம் ரெஜ் பன்.

டெட் கவன் தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு வகையிலும் வேண்டியவர். 1952இல் ‘லயன்’ இதழின் முதல் வெளியீட்டிலேயே தொடங்கிய ரோபோ ஆர்ச்சி, அதாவது நம் இரும்பு மனிதன் ஆர்ச்சி, அவர் எழுதிய தொடர்தான். வாயாடி இரும்பு மனிதனையும் தற்பெருமைக்காரத் திருடனையும் ஒரே ஆள் எழுதினார் என்று தெரிந்த பிறகு இரண்டையும் படித்தால் அந்த ஒற்றுமை நன்றாகவே தெரியும். இருவருக்கும் தங்கள் புகழைத் தாங்களே பாடாமல் இருக்க முடியாது.

கவன் முதல் இரண்டு கதைகளோடு விலகிவிட்டார். அதற்குப் பிறகு எழுத வந்தவர் யார் என்பது இந்தத் தொடரின் பெரிய ஆச்சரியம். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

முதல் கதையில் என்ன நடக்கிறது?

ஆள் சேர்ப்பு. தனியாக எதையும் சாதிக்க முடியும் என்று நம்புகிறவன்தான், ஆனாலும் ஒரு குற்றப்படை கட்டவேண்டும் என்று திட்டம். அதற்கு முதல் இரண்டு ஆட்களைப் பொறுக்கி எடுக்கிறான். ஒருவன் ராய் ஆர்டினி, எந்தப் பெட்டகத்தையும் திறக்கத் தெரிந்தவன். இன்னொருவர் புரொபசர் பெல்ஹாம், மூளையைத் தப்பான வழியில் செலவிட்ட விஞ்ஞானி. மூன்று பேரும் தங்குவது ஒரு கோட்டையில். ஸ்காட்லாந்தில் இருந்ததைக் கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டிக்கொண்டானாம். திருடன் ஒளிந்துகொள்ள இடம் தேடுவான் என்பதுதான் வழக்கம். இவன் ஊர் பார்க்கிற அளவில் கோட்டையையே கொண்டுவந்து வைக்கிறான். அவன் குணம் என்னவென்று இந்த ஒரு விஷயத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எதிர்ப்பக்கத்தில் கில்மோர், டிராஸ்க் என்று இரண்டு துப்பறியும் அதிகாரிகள். அப்புறம் நகைக்கொள்ளை, துரத்தல், தப்பித்தல் என்று கதை வாராவாரம் ஓடுகிறது.

ஆர்டினியும் பெல்ஹாமும் ஏன் அவனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

பயம், பேராசை, வியப்பு மூன்றும் கலந்ததுதான் காரணம். ஸ்பைடர் அவர்களைக் கூலிக்காரர்களைப் போலத்தான் நடத்துகிறான். முட்டாள்களே என்று திட்டுகிறான். முழுத் திட்டத்தையும் ஒருபோதும் சொல்வதில்லை. அவர்களும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் சொன்னதைச் செய்கிறார்கள்.

கதை சொல்கிற நுட்பத்தில் இந்த இருவரின் பங்கு மிகப் பெரியது. ஸ்பைடர் யார், எங்கே பிறந்தான், அவன் உண்மைப் பெயர் என்ன என்று எந்தக் கதையிலும் சொல்லவில்லை. அவன் மனத்துக்குள் போக நமக்கு வழியே கிடையாது. அவனைப் பக்கத்திலிருந்து பார்க்கிற, வியக்கிற, நடுங்குகிற சாதாரண மனிதர்கள் இரண்டு பேர் வேண்டும். ஆர்டினி ‘இந்த முறை பாஸ் மாட்டிக்கொண்டார்’ என்று நினைக்கும்போது நாமும் அப்படியே நினைக்கிறோம். இந்த இருவர் இல்லாவிட்டால் ஸ்பைடர் வெறும் கறுப்பு உருவமாகவே நின்றிருப்பான்.

அவனுக்கு அபூர்வ சக்தி ஏதாவது உண்டா?

கிடையாது. அபாரமான உடல் பயிற்சி, அதைவிட அபாரமான மூளை, கை நிறையக் கருவிகள். சுவரில் ஏறுவான், கட்டடத்துக்குக் கட்டடம் தாவுவான். வலைத் துப்பாக்கி ஆளைக் கட்டிப்போடவும் பயன்படும், பிடித்துத் தொங்கவும் பயன்படும். மயக்க வாயுத் துப்பாக்கி ஒன்று. பிறகு முதுகில் கட்டிப் பறக்கும் ஜெட் கருவி, அதற்கும் பிறகு ஹெலிகார். ஹெலிகாரைத் தமிழ் வாசகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

திருடனை நாயகனாக்கிச் சிறுவர் இதழில் எப்படி விட்டார்கள்?

நல்ல கேள்வி. 1965இல் அமெரிக்காவில் இது நடந்திருக்காது. அங்கே 1954இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பு போட்டுக்கொண்டார்கள். காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் கூச்சல் எழுந்து, செனட் விசாரணை வரை போன காலம். குற்றவாளிமேல் அனுதாபம் வரும்படி எழுதக்கூடாது, எல்லாக் கதையிலும் நன்மையே ஜெயிக்கவேண்டும், குற்றவாளி தண்டனை பெறவேண்டும் என்று அந்த விதிகள் சொல்லின. பேட்மேன் கதைகளின் பெண் திருடி கேட்வுமன் 1940இலிருந்து வந்துகொண்டிருந்தவள், 1954க்குப் பிறகு 1966 வரை பத்து வருடத்துக்கு மேல் காணாமலே போனாள். அங்கே வாராவாரம் ஜெயிக்கிற ஒரு திருடனுக்கு இடமே இருந்திருக்காது.

பிரிட்டனிலும் 1955இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது குறிவைத்தது கொடூரமான பேய்க்கதை இதழ்களை. விதிப்படி வந்த இதழ் என்று அட்டையில் முத்திரை போடும் அமெரிக்க முறை மாதிரி எதுவும் அங்கே வார இதழ்களுக்கு இல்லை. அதோடு, கனவான் திருடனை ரசிப்பது அங்கே பழைய பழக்கம். 1890களிலேயே ராஃபிள்ஸ் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரத் திருடனை ஆங்கில வாசகர்கள் கொண்டாடினார்கள். பிரான்சில் 1911இல் ஃபாண்டோமாஸ் வந்தான். இத்தாலியில் 1962இல் ஏஞ்சலா, லூசியானா என்ற ஜியுசானி சகோதரிகள் டயபாலிக்கை உருவாக்கினார்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் வரும் திருடன்தான் அவனும்.

1962 அக்டோபரில் இதே ஃப்ளீட்வேயின் ‘வேலியண்ட்’ இதழில் ‘ஸ்டீல் க்ளா’ தொடங்கியது. நம் இரும்புக்கை மாயாவி. அவனும் ஆரம்பத்தில் சட்டத்துக்கு எதிரான பக்கத்தில்தான் இருந்தான். ஆகவே ஸ்பைடர் வந்தபோது நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது.

சூப்பர்மேனை உருவாக்கியவரே ஸ்பைடரை எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. டெட் கவனுக்குப் பிறகு தொடரை எடுத்து, 1969இல் முடியும் வரை பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்.

அவர் எப்படி லண்டன் வார இதழுக்கு எழுத வந்தார் என்பது வருத்தமான கதை. 1938 மார்ச்சில் சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனின் முதல் 13 பக்கக் கதையையும் அதன் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கிளீவ்லாந்தில் வளர்ந்த இரண்டு இளைஞர்கள், காசு தேவைப்பட்ட காலம். அந்தக் கதாபாத்திரம் வானொலி, சினிமா, பொம்மை என்று கோடிகளைக் கொட்டியது. 1947இல் வழக்குப் போட்டார்கள். சமரசமாகக் கொஞ்சம் பணம் கிடைத்தது, வேலையும் அட்டையில் இருந்த பெயரும் போயின. 1959இல் சீகல் மறுபடி அதே நிறுவனத்துக்கு, தன் பெயர் போடாமல், சூப்பர்மேன் கதைகளை எழுதப் போனார். அறுபதுகளின் நடுவில் உரிமைப் பிரச்சினை மீண்டும் கிளம்பியதும் அந்தக் கதவும் மூடியது. அப்போதுதான் அவர் ஸ்பைடரிடம் வருகிறார்.

பிரிட்டிஷ் வார இதழ்களில் அந்தக் காலத்தில் எழுத்தாளர் பெயர், ஓவியர் பெயர் எதுவும் போட மாட்டார்கள். எனவே ‘லயன்’ வாங்கிய பையன்கள் யாருக்கும் தாங்கள் படிப்பது உலகத்தின் முதல் சூப்பர்ஹீரோவை உருவாக்கியவரின் எழுத்து என்று தெரியாது. பல வருடங்கள் கழித்து ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வெளியே வந்தது.

1975இல், சூப்பர்மேன் படம் தயாராகிற செய்தி வந்த நேரத்தில், சீகல் பத்திரிகைகளுக்குத் தன் நிலையை எழுதி முறையிட்டார். சக ஓவியர்கள் துணைநின்றார்கள். கடைசியில் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், சூப்பர்மேன் கதைகளில் பெயரும் கிடைத்தன. 1996இல் சீகல் காலமானார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சீகலின் முதல் ‘சூப்பர்மேன்’ நல்லவன் இல்லை. 1933 ஜனவரியில் அவரும் ஷஸ்டரும் தாங்களே நடத்திய சிறு அறிவியல் புனைகதை இதழில் ஒரு கதை வந்தது. அதில் வரும் சூப்பர்மேன், மனோசக்தி பெற்று உலகை ஆள நினைக்கும் வில்லன். அதற்கு ஆறேழு மாதம் முன்பு, 1932 ஜூனில், சீகலின் அப்பா தன் துணிக்கடையில் திருட வந்தவர்களால் ஏற்பட்ட அதிர்ச்சியில் மாரடைப்பால் இறந்திருந்தார். இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே கோடு போட்டு இணைக்க நான் விரும்பவில்லை. ஆனால் வில்லனை நாயகனாகத் திருப்பும் வேலையை ஒரே எழுத்தாளர் வாழ்க்கையில் இரண்டு முறை செய்திருக்கிறார் என்பது என் கவனத்தை விட்டுப் போவதே இல்லை. முதல் முறை அந்த வேலையிலிருந்து பிறந்தவன் சூப்பர்மேன். இரண்டாவது முறை ஸ்பைடர்.

சரி, ஸ்பைடர் ஏன் நல்லவனாக மாறினான்?

மாறினான் என்று சொல்வதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கதைப்படி நடந்தது இதுதான்: குற்றம் செய்வது அவனுக்கு மிகவும் சுலபமாகிவிட்டது. எதிராளிகளையெல்லாம் தோற்கடித்தாயிற்று, சலிப்புத் தட்டுகிறது. பெரிய பெரிய குற்றவாளிகளை எதிர்த்துப் போராடுவதுதான் தன் திறமைக்கு ஏற்ற சவால் என்று முடிவெடுக்கிறான். அவ்வளவுதான். செத்துப்போன மாமா கிடையாது, அழுது திருத்துகிற காதலி கிடையாது, சிறையில் பாடம் கற்கவில்லை, பாதிரியார் உபதேசமும் இல்லை. அதே கோட்டை, அதே வலைத் துப்பாக்கி, அதே இரண்டு உதவியாளர்கள், அவர்களுக்குக் கிடைக்கும் அதே வசவு.

இந்தத் தொடர் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குக் காரணமே இதுதான் என்பேன். வில்லன் திருந்துகிற கதைகளில் அநேகமாக அவன் குணமே வேறாகிவிடும். நேற்று வரை வீடு புகுந்து திருடியவன் இன்று கனிந்து பேசுவான், நமக்குப் பிடித்த ஆள் காணாமல் போய்விடுவான். ஸ்பைடரிடம் குணம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவனைத் திருட வைத்த அகந்தையேதான் அவனை நியூயார்க்கைக் காப்பாற்றவும் வைக்கிறது. ஊர் அழியப்போகிறதே என்று அவன் கவலைப்படுவதைவிட, ‘என்னைவிடப் பெரிய மூளை ஒன்று இந்த ஊரில் இருப்பதா’ என்று கொதிப்பதுதான் அதிகம். மக்கள் நன்றி சொன்னால் அது தனக்குச் சேரவேண்டிய பாக்கி என்பதுபோல வாங்கிக்கொள்வான்.

பதிப்பாளர் பக்கத்திலிருந்து பார்த்தால், வாராவாரம் திருடனையே ஜெயிக்க வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. போலீஸ் எப்போதும் முட்டாளாகத் தெரிவார்கள், கொஞ்ச நாளில் சுவாரசியம் வடிந்துவிடும். அவனுக்குச் சமமான எதிரி வேண்டும். அந்த எதிரி இன்னொரு பெரிய குற்றவாளியாகத்தான் இருக்க முடியும். கண்ணாடி மனிதன் கதையிலேயே, அதாவது கவன் எழுதிய இரண்டாவது கதையிலேயே, திருடனுக்குத் திருடன் போட்டி என்ற அமைப்பு வந்துவிட்டது. திருடர்களோடு மோதும் திருடன், கொஞ்சம் கொஞ்சமாகத் திருடர்களோடு மோதுபவன் என்று மட்டும் ஆகிறான்.

கில்மோரும் டிராஸ்க்கும் என்ன ஆனார்கள்?

அவன் திருடுவதை நிறுத்தியதும் அவர்களுக்குத் துரத்த ஆள் இல்லாமல் போய்விட்டது. மெல்லப் பின்னால் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஒழுங்கான மனிதர்கள் இரண்டு பேர் விடாமல் பின்தொடர்வதில் ஆரம்பக் கதைகளுக்கு ஒரு தரைப்பிடிப்பு இருந்தது.

முக்கியமான எதிரிகள் யார் யார்?

கண்ணாடி மனிதன்தான் முதல் பெரிய எதிரி. இல்லாததை இருப்பதுபோல் காட்டி ஆளை நிலைகுலைய வைப்பவன். மூளையை நம்பி வாழும் ஸ்பைடருக்குக் கண்ணையே நம்ப முடியாத நிலை. இதைவிடப் பொருத்தமான முதல் எதிரி அமையாது.

சீகல் வந்ததும் டாக்டர் மிஸ்டீரியோசோ. தமிழில் இவர் டாக்டர் டக்கர், அந்தப் பெயர் அசலைவிட எனக்குப் பிடிக்கும். பிறகு செயற்கை மனிதர்களை ஏவிவிடும் ஆண்ட்ராய்டு எம்பரர், எக்ஸ்டெர்மினேட்டர், ஏழு வில்லன்கள் கூட்டுச் சேர்ந்து வரும் கதை, ஸ்பைடர் மாதிரியே வேடம் போட்டு வரும் பையன் என்று பட்டியல் நீளுகிறது. ஒவ்வொரு கதையிலும் ஆபத்தின் அளவு ஒரு படி ஏறும். நகைக்கடையில் தொடங்கிய தொடர் வேற்றுக்கிரகம் வரை போய்விடுகிறது.

லாஜிக்கே இல்லையே என்கிறார்களே?

இருக்கிறது என்று வாதாட மாட்டேன். ஆனால் இந்தக் கதைகள் எப்படி எழுதப்பட்டன என்பதைத் தெரிந்துகொண்டு குறை சொல்வது நல்லது. வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் இடம். அதற்குள் போன வாரத்து ஆபத்திலிருந்து தப்பிக்கவேண்டும், புதிதாக ஏதாவது நடக்கவேண்டும், கடைசிக் கட்டத்தில் மறுபடி மாட்டிக்கொள்ளவேண்டும். அடுத்த வாரம் காசு கொடுத்து வாங்கப் பையனுக்கு ஒரு காரணம் வேண்டுமே! தனித்தனியாகப் படிக்கும்படி எழுதியதை ஒரே புத்தகமாகத் தொகுத்து, ஒரே மூச்சில் படித்தால், பத்து நிமிடத்தில் பத்து முறை சாவிலிருந்து தப்பிக்கிற ஆளைத்தான் பார்ப்போம். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் என்று படித்துப் பாருங்கள், வேறு அனுபவம் கிடைக்கும்.

அதோடு, சீகலின் கற்பனைக்கு ஒரு முரட்டு வேகம் உண்டு. மற்றவர்கள் யோசித்துவிட்டு ‘இது ரொம்ப ஓவர்’ என்று கிழித்துப் போடுவதை அவர் அப்படியே எழுதிவிடுவார். அந்தத் துணிச்சல்தான் 1938இலும் வேலை செய்தது.

ரெஜ் பன்னின் ஓவியத்தில் அப்படி என்ன விசேஷம்?

இருட்டு. கோடு கோடாக இழைத்து நிழலைக் கட்டுகிற பாணி. ஸ்பைடரின் கறுப்பு உடை பல கட்டங்களில் பின்னணி இருளோடு கலந்துவிடும், முகமும் கையும் மட்டும் தெறித்து நிற்கும். இதற்கு முன்பு ராபின் ஹுட் கதைகளுக்கு நிறைய வரைந்தவர் அவர். கோட்டைச் சுவர், கல் படிக்கட்டு, தொங்கும் கயிறு எல்லாம் கைக்கு வந்த விஷயங்கள். நவீன நியூயார்க்கைக்கூடப் பழைய கோட்டை மாதிரிதான் வரைவார், அதனால் அந்த ஊருக்கே ஒரு பயம் வந்துவிடுகிறது.

கதை எவ்வளவு வானத்தில் பறந்தாலும் ஓவியம் அதை முழு நம்பிக்கையோடு வரைகிறது. ராட்சத ரோபோ வந்தாலும் அதன் ஆணிகள் வரை இழைத்திருப்பார். ஓவியர் கொஞ்சம் கேலியாக வரைந்திருந்தால் மொத்தமும் சரிந்திருக்கும். அவர் 1971இல் காலமானார். பெயர் போடாத காலத்தில் வேலை செய்ததால், உயிரோடு இருக்கும்போது தன் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தன்னைத் தெரியும் என்று அவர் எண்ணிப் பார்த்திருப்பாரா என்பது எனக்கு அவ்வப்போது தோன்றும்.

தமிழுக்கு எப்போது வந்தான்?

1984இல், சிவகாசியிலிருந்து. 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியவர் எம். சௌந்தரபாண்டியன். அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். அவருடைய மகன் எஸ். விஜயன் பதின்பருவத்திலேயே ஆசிரியராகி 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைசியின் கதை. அதே ஆண்டிலேயே ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற தலைப்பில் ஸ்பைடர் வந்து சேர்ந்தான். லண்டன் ‘லயன்’ இதழில் பிறந்தவன் சிவகாசி லயனுக்குத் தூணானான்.

அந்தக் காலத்து லயன் இதழ்கள் பல பாக்கெட் சைஸில் வந்தவை. பெரிய பக்கத்துக்கு வரைந்த கட்டங்களைப் பிரித்துச் சிறிய பக்கத்துக்கு அடுக்கவேண்டியிருந்தது. இன்னொரு வகைக் கதைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. 1967-68இல் ஃப்ளீட்வே கையடக்க நூல் வரிசைகள் சிலவற்றை வெளியிட்டது. அதில் ஒரு வரிசையில் ஸ்பைடரும் இரும்புக்கை மாயாவியும் மாறிமாறி வந்தார்கள், ஒவ்வொன்றும் சுமார் 130 பக்க முழுநீளக் கதை. அவை வேறு ஓவியர்கள் வரைந்தவை. ஸ்பைடரின் முகம் சில தமிழ் இதழ்களில் வித்தியாசமாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். சி.ஐ.டி. ஜானி நீரோவும் இதே வெளியீட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தான்.

தமிழ் ரசிகர்கள் அவனைக் கூர்மண்டையர் என்று அன்பாகக் கூப்பிடுகிறார்கள். பிரிட்டனில் அறுபதுகளின் சிறுவர்கள் பலர் அவனை மறந்தே போய்விட்டார்கள். அவன் முடிந்து பதினைந்து வருடம் கழித்து அறிமுகமான தமிழ்நாட்டில் இன்னும் அவன் கதையின் மறுபதிப்பு எப்போது என்று சண்டை போடுகிறார்கள். ஒரு கதாபாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய இரண்டாம் வாழ்வு கிடைக்குமா!

இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர். யார் பெரியவர்?

அடிதடி வரை போகக்கூடிய கேள்வி. என் பதிலைச் சொல்கிறேன்.

மாயாவி விபத்தில் சிக்கிய மனிதன். ஆய்வகத்தில் நடந்த விபத்து, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. கெட்டவழியில் போனதும் அந்த நிலையில்தான், திரும்பி வந்து உளவாளியாவதும் அந்தச் சுமையோடுதான். அவன்மேல் நமக்கு இரக்கம் வருகிறது. ஸ்பைடர்மேல் யாருக்கும் இரக்கம் வராது, அவனும் அதைக் கேட்கவில்லை. கதையின் ஆழம் என்று பார்த்தால் மாயாவியின் முதல் கதைகள்தான் மேல், ஹெசூஸ் பிளாஸ்கோவின் ஓவியத்துக்கு ஈடே கிடையாது. ஆனால் ஒரு குணச்சித்திரம் என்று பார்த்தால் என் ஓட்டு ஸ்பைடருக்கு. வாயைத் திறந்தால் போதும், அந்தப் பக்கம் அவனுடையது.

தொடர் எப்போது நின்றது? பிறகு வந்தானா?

1969 ஏப்ரலில் ‘லயன்’ இதழில் முடிந்தது. 1975-76இல் ‘வல்கன்’ என்ற இதழில் பழைய கதைகள் மறுபடி வந்தன. 2005இல் டைட்டன் நிறுவனம் ஆரம்பக் கதைகளைத் தொகுத்தது. அதே ஆண்டில் தொடங்கிய ‘ஆல்பியன்’ என்ற ஆறு இதழ்க் குறுந்தொடரில், பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களையெல்லாம் அரசாங்கமே பிடித்து ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருப்பதாகக் கதை. ஆலன் மூர் கதையமைக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். அதில் ஸ்பைடரும் உண்டு, சிறைப்பட்டவர்களில் மிகவும் ஆபத்தானவர்களில் ஒருவனாக. அவனை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதியது என்று அதிலேயே தெரிகிறது.

இப்போது உரிமை பிரிட்டனின் ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் 2021 முதல் பழைய கதைகளைப் புதிய தொகுப்புகளாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

புதிதாகப் படிப்பவர் எதில் தொடங்கலாம்?

திருடனாக இருக்கும் கதைகளில். ஆரம்பத்திலிருந்து, அதாவது ஆர்டினியையும் பெல்ஹாமையும் சேர்க்கும் கதையிலிருந்து, கண்ணாடி மனிதன் வரை. பிறகு டாக்டர் டக்கர். இந்த மூன்றையும் படிக்காமல் நேராக ராட்சத ரோபோக்களிடம் போனால், ‘யார் இந்தத் தற்பெருமைக்காரன்’ என்று மட்டுமே தோன்றும்.

பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. ரத்தம் கிடையாது, ஆபாசம் கிடையாது. எதிராளியைக் கட்டிப்போடுவதும் மயங்க வைப்பதும்தான் அதிகம். திருடனைப் பார்த்துப் பிள்ளை கெட்டுப்போகுமோ என்ற பயம் வேண்டாம். பழைய மொழிநடை சில இடங்களில் கடினமாக இருக்கலாம், முதல் பத்துப் பக்கத்தை நீங்களே குரல் மாற்றி வாசித்துக் காட்டுங்கள். ஸ்பைடருக்குக் கொஞ்சம் கரகரப்பான குரல் பொருந்தும்.